வடக்கிலிருந்து வந்த சிறு விமானம்: கப்டன் திரேசா மரியநாயகம் நினைவாக

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். தொலைபேசியில் சமிந்த. ராடர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்து, இப்போது ஓய்வில் இருக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர் அவர். எப்போதும் குறுஞ்செய்திதான் அனுப்புவார், கூப்பிட மாட்டார். "சிவா, நம்ம திரேசா மிஸ் காலையில போயிட்டாங்க" என்று சிங்களத்தில் சொன்னார். "தலையைப் போடவா, வேணாமா சேர்?" என்று மீன்காரர் மூன்று தரம் கேட்டிருக்கிறார். நான் மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கப்டன் திரேசா மரியநாயகம் அவர்களைக் கொழும்பில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் அவரைப் பற்றி ஒரு விடயத்தைத் தவறாகவே அறிந்திருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டியவன் நான்தான். ஆனால் அதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தவறின் பாரம் யாருக்கும் விளங்காது.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே வாழ்ந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். சிறு விமானங்களை வாடகைக்கு ஓட்டும் ஒரு கம்பனியில் தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தவர், "மற்றவங்க பறக்கிறதை எத்தனை நாளைக்கு நான் டைப் அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பறக்கப் படித்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய தோள்பட்டையில் கப்டனுக்குரிய நான்கு பட்டிகள் இருந்தன. ஆள் கட்டை. கருவிப் பலகைக்கு மேலாக வெளியே பார்ப்பதற்குப் பழைய திரைச்சீலைத் துணியில் தானே தைத்த ஒரு மெத்தையைக் கையோடு கொண்டுவருவார். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், "கட்டையான ஆக்களுக்குத்தான் வானம் பெரிசு" என்பார். சிங்களம் அவருக்குத் தாய்மொழி மாதிரி. தமிழிலும் சிங்களத்திலும் ஒரேயளவு பகிடி விடுவார். ஆனால் விமானத்துக்குள் ஏறினால் பகிடி பாதியாகிவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். விமானத்தின் வானொலி, மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளன். அந்தக் கம்பனியில் சேரும்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகி ஒரு பிள்ளை. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். போரின் கடைசி ஆண்டுகள் அவை. வடக்கிலிருந்து சிறிய விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகத் தொடங்கியிருந்தன. கொழும்பில் வானத்தில் ஒரு சிறு விசிறிச் சத்தம் கேட்டால் ஆட்கள் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். துறைமுகத்தைச் சுற்றியும் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றியும் பீரங்கிகள் வாயை மேலே திருப்பிக்கொண்டு நின்றன. நாங்கள் ஓட்டியதும் அதே அளவான, ஒற்றை விசிறி விமானங்கள்தாம்.

எங்களை அந்த விமானங்களிலிருந்து பிரித்துக் காட்டியது ஒரு சின்னப் பெட்டி. அதற்கு டிரான்ஸ்பொண்டர் என்று பெயர். ஒரு தடித்த புத்தகமளவு இருக்கும். தரையிலுள்ள ராடர் "நீ யார்?" என்று கேட்கும், இந்தப் பெட்டி தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் திருப்பிச் சொல்லும். கட்டுப்பாட்டாளரின் திரையில் வெறும் புள்ளியாகத் தெரிகிற விமானத்துக்குப் பக்கத்தில் அந்த எண் விழும். எண்ணைக் கட்டுப்பாட்டாளர்தான் தருவார். பெட்டி பதில் சொல்கிற ஒவ்வொரு தரமும் அதன் முகப்பில் ஒரு சிறு விளக்குச் சிமிட்டும். அந்தக் காலத்தில் எண் இருந்தால் நாங்கள் விமானம், இல்லாவிட்டால் இலக்கு. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

முதன்முதலாக அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து பறந்த அன்றைக்கே நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் எண் 2700 ஆக இருந்தது. கட்டுப்பாட்டாளர் 7200க்கு மாற்றச் சொன்னார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் முதல் இலக்கத்துத் திருகியில் கையை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"முதல்ல ஸ்டாண்ட்பை, சிவா. பெட்டியை வாயை மூடச் சொல்லிப்போட்டுத்தான் எண்ணில கை வைக்கிறது."

"ஏன் கப்டன்? ரெண்டு செக்கன் வேலைதானே?"

"அந்த ரெண்டு செக்கனில என்ன எண் வரும்? யோசிச்சுப் பாரும்."

யோசித்தேன். 2700இல் முதல் இலக்கத்தை ஏழாக்கினால் 7700. உலகம் முழுவதும் 'ஆபத்தில் இருக்கிறேன்' என்று அலறுகிற எண் அது. திரையில் சிவப்பு எரிந்து, மணி அடித்திருக்கும். பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த விடயந்தான். ஆனால் மனப்பாடம் செய்தது எனக்குத் தலையில் இருந்தது, அவருக்கு விரலில் இருந்தது. அவர் பெட்டியைக் காத்திருப்பு நிலையில் வைத்து, நான்கு இலக்கத்தையும் மாற்றி, வாய்விட்டு ஒருமுறை வாசித்து, மறுபடி இயக்கினார். விளக்குச் சிமிட்டும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகும் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம், அடுப்பில் பால் வைத்தவர்போல, அந்த விளக்கை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருடம் பறந்தவருக்கு இன்னும் எதற்கு இந்தப் பயம் என்று எனக்குள் சிரிப்பும் வந்தது. அது பயமில்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பெட்டியில் 'ஐடென்ட்' என்றொரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் திரையில் எங்கள் புள்ளி சில விநாடிகள் பெரிதாக ஒளிரும். கட்டுப்பாட்டாளர் கேட்டால் மட்டுந்தான் அழுத்த வேண்டும். ஒருநாள் கம்பனி வேனில் நாங்கள் இருவரும் காலி வீதியால் வந்தபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் கிட்டே வருவதற்கு முன்னமே நான் அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் யாருக்கும் அந்த அவசரம் வரத்தான் செய்யும். சிப்பாய் பார்த்துவிட்டுப் போனதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்காமல் ஏன் நீட்டினீர்? ஐடென்ட் பட்டன் எண்டு நினைச்சீரோ? கேட்டால் காட்டும். கேக்க முன்னம் பளிச்சிட்டால்தான் மனுசருக்குச் சந்தேகம் வரும்."

நான் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தரமாக இருக்க வேண்டும்.

இனி அந்த நாள்.

கடல் கரையை அரிப்பதைப் படமெடுக்க அரச திணைக்களம் ஒன்று எங்கள் விமானத்தைக் கேட்டிருந்தது. கொழும்பைத் தாண்டியதும் வருகிற ஹெந்தளைக் கரையிலிருந்து வடக்கே நீர்கொழும்பு வரை கடலுக்கு மேலாகப் போய், அதே வழியால், கொழும்புக்குத் தெற்கே உள்ள எங்கள் ஓடுபாதைக்குத் திரும்ப வேண்டும். டிரான்ஸ்பொண்டர் பெட்டியை முதல்நாள் கழற்றி மேசையில் வைத்துச் சோதித்திருந்தேன். காலையில் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும். அன்றைக்கு வெள்ளவத்தையில் இராணுவச் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஆண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். வாசலில் காவலர்கள் என் கருவிப் பையைக் கொட்டிப் பார்த்து, திருகாணி இறுக்கும் நீளமான அலன் கீயை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் கூரான, நீளமான எந்தப் பொருளும் உள்ளே போகக் கூடாது. மாலையில் வந்து எடுத்துக்கொள் என்றார்கள்.

அந்தப் பெட்டி ஒரு தட்டுக்குள் சறுக்கி உள்ளே போகும். முகப்பிலுள்ள ஒரு துவாரத்தால் அலன் கீயை விட்டுத் திருகாணியை இறுக்கினால், அது பெட்டியைப் பின்னால் இழுத்துப் பூட்டும். பின்னாலிருக்கும் மின்தொடுப்பும் அப்போதுதான் சரியாகப் பொருந்தும். நான் மேசை லாச்சியில் கிடந்த ஒரு கட்டைக் கீயால் திருகினேன். ஏழெட்டுச் சுற்றில் இறுகியதுபோல் கைக்குப் பட்டது. உண்மையில் திருகாணி கோணிப் பிடித்திருந்தது. இறுக்கிய பிறகு பெட்டியை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. ஒரு விநாடி வேலை. நான் அதைச் செய்யவில்லை. பிந்திவிட்டது, வெட்கமாக இருந்தது, எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். இதெல்லாம் காரணமா? இல்லை.

கப்டன் மெத்தையைப் போட்டு உட்கார்ந்துகொண்டே கேட்டார். "பெட்டி இறுக்கியாச்சா, சிவா?"

"ஓம் கப்டன், இறுக்கியாச்சு" என்றேன்.

உயரத்தைப் பெட்டி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்காக நானும் கூடப் போனேன். பின்னால் படப்பிடிப்பாளர் ஒருவர். கருவிகள் எதையும் விமானத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. போகும்போது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திரும்பி வருகையில் ஹெந்தளைக்கு நேரே, கடலுக்கு மேல், காற்று எங்களை இரண்டு மூன்று தரம் தூக்கிப் போட்டது. இடதுபக்கம் முன்னால் கொழும்பு தெரிந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், அவற்றுக்கு அப்பால் கொலன்னாவைத் தாங்கிகள் வெள்ளை வெள்ளையாக.

கப்டன் விளக்கை எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"சிமிட்டேல்லை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லி வாய் மூடமுன் விமானத்தை வலப்பக்கம் சாய்த்து, மூக்கை நேரே மேற்கே, நடுக்கடலைப் பார்த்துத் திருப்பிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கப்டன், ஓடுபாதை அங்கால" என்றேன், முட்டாள்போல. அவர் பதில் சொல்லவில்லை. வானொலியை எடுத்தார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. எங்கள் டிரான்ஸ்பொண்டர் பதில் சொல்லவில்லை என்று தெரிவித்தார். நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலை நோக்கிப் போகிறோம், நீங்கள் சொல்லும்வரை திரும்ப மாட்டோம் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வடக்கிலிருந்து, கடலோரமாக, எண் இல்லாமல் ஒரு சிறு விமானம். கீழே பீரங்கியோடு இருப்பவர் அதை என்னவென்று நினைப்பார்? அவர் நினைப்பதற்கு முன்பே கப்டன் விமானத்தின் முகத்தைத் திருப்பிவிட்டார்.

திரைக்கு முன்னால் அன்றைக்குச் சமிந்த. வானொலியில் ஆங்கிலந்தான் பேச வேண்டும். ஆனால் அவர் முதலில் சிங்களத்தில்தான் பேசினார். "மிஸ், தயவுசெய்து கரைப்பக்கம் மட்டும் திரும்பிடாதீங்க." பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு முறைப்படி தொடங்கினார். திரையில் எங்கள் எண் அழிந்துபோய், எண்ணில்லாத ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது. அது நாங்கள்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னால்தான் பீரங்கிக்காரர்கள் ஆறுதலடைவார்கள். சொல்வதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

"என்னைத் திருப்பிப் பாருங்க" என்றார் கப்டன். "நீங்க சொல்லுற பக்கம், சொல்லுற அளவுக்குத் திரும்புறன். அந்தப் புள்ளியும் அப்பிடியே திரும்பினால் அது நான்தான்."

இடப்பக்கம் முப்பது பாகை என்றார் சமிந்த. கப்டன் திருப்பினார். நான் திசைகாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது என்றால் முப்பது. முள் ஒரு மயிரிழை அங்காலும் போகவில்லை, இங்காலும் வரவில்லை. பிறகு வலப்பக்கம். பிறகு மறுபடி இடப்பக்கம். சுடப்படக்கூடிய ஒரு விமானத்தை அவர் அழகாக எழுதப் பழகுகிற பிள்ளையின் நிதானத்தோடு ஓட்டினார். நான் என் மனைவியை நினைத்தேன், பிள்ளையை நினைத்தேன், எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்தேன். பின்னாலிருந்த படப்பிடிப்பாளர் வாய்விட்டு அழுதார். கப்டன் அவரிடம் சிங்களத்தில், "தம்பி, கமராவைக் கெட்டியா பிடிச்சுக்கோ, விழுந்தா உன் ஓபிஸில என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அந்த மனுசன் அழுகையை நிறுத்திவிட்டுக் கமராவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான்" என்றார் சமிந்த கடைசியாக. ஆனால் அவருக்குத் தெரிந்தால் போதாது. அவர் அதைத் தொலைபேசியில் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் பீரங்கிகளுக்குச் சொல்ல வேண்டும். காத்திருங்கள் என்றார். கடலுக்கு மேல் வட்டமிடத் தொடங்கினோம்.

அப்போதுதான் நான் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளே தள்ளப் பாய்ந்தேன்.

"கையை எடும்!" என்றார் கப்டன். அவர் என்மேல் சத்தம் போட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். "இவ்வளவு நேரம் காணாமல் போன எண் இப்ப திடீரெண்டு முளைச்சால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? காணாமல் போறதும் பயம்தான், திடீரெண்டு வாறதும் பயம்தான். கேட்டுட்டு வருவம்."

பெட்டியைக் காத்திருப்பு நிலைக்குத் திருகினார். கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது, அனுமதி தந்தால் மறுபடி இயக்குகிறேன் என்று சமிந்தவிடம் கேட்டார். அனுமதி வந்தது. "இப்ப தள்ளும்" என்றார். கட்டைவிரலால் தள்ளினேன். அவர் இயக்கினார். விளக்குச் சிமிட்டியது. சமிந்த கேட்டதும் ஐடென்ட் பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தினார். "தெரியுது மிஸ், நல்லாத் தெரியுது" என்றார் அவர். விரலை எடுத்தால் பெட்டி மறுபடி சறுக்கியது. ஆகவே தரையிறங்கும்வரை, பதினெட்டு நிமிடம், நான் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். விரல் மரத்துப்போனது. "சிவா, அந்த விரலை மியூசியத்தில வைக்கலாம்" என்றார் கப்டன், வெள்ளவத்தைக் கடற்கரையைக் கடக்கையில்.

தரையிறங்கி, விசிறி நின்றது. தூரத்தில் ஒரு ஜீப் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான், "கப்டன், நான் இழுத்துப் பாக்கேல்லை. இறுக்கியாச்செண்டு சொன்னதும் நான்தான். நான் சொல்லுறன்" என்றேன்.

அவர் விமானத்தின் பதிவேட்டைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பழுது என்ற இடத்தில் நடந்ததை எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'புறப்படுமுன் பெட்டியின் இறுக்கத்தைக் கப்டன் சரிபார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இது பொய், கப்டன்."

"எங்கை பொய்? நான் சரிபாத்தனானா? கேட்டனான். பாக்கேல்லை." ஜீப் கிட்டே வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "சிவா, அந்த ஸ்குரூவை நான் விட்டனான் எண்டால் அதுக்குப் பேர் கவலையீனம். நீர் விட்டனீர் எண்டால் இவங்கள் அதுக்கு வேற பேர் வைப்பாங்கள். உமக்குப் பிள்ளை இருக்கு. வாயை மூடிக்கொண்டு இரும்."

வந்த அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தை வாசித்தார். அட்டையைத் திருப்பித் தரவில்லை. பெட்டியைப் பூட்டியவன் யார் என்று கேட்டார். கப்டன் முன்னால் வந்து நின்றார். அதிகாரியின் மார்பளவுதான் இருந்தார். பூட்டியது இவர்தான், கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது கப்டனான நான், நான் அதைச் செய்யவில்லை, எழுதியும் கொடுத்துவிட்டேன் என்று தெளிவான சிங்களத்தில் சொன்னார். மாலைவரை எங்களை ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அவரைப் போகச் சொன்னார்கள். "என் விமானத்தில வந்த ஆளை விட்டுட்டு நான் போறதில்லை" என்று கதிரையில் இருந்தபடியே இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.

அவருடைய பறக்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள்.

போர் முடியும்வரை அது திரும்பி வரவில்லை. முடிந்தபிறகு கண் பரிசோதனையில் ஏதோ சொன்னார்கள், வயதைச் சொன்னார்கள். கப்டன் திரேசா அதன்பின் ஒருநாளும் விமானம் ஓட்டவில்லை. அதே கம்பனியில் மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பறப்பதற்கான படிவங்களைத் தட்டச்சு செய்தார். நான் அவருக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தேன். அந்த மெத்தையைக் கதிரையில் போட்டிருந்தார். ஒரு விமானம் கிளம்பினால் தலையை நிமிர்த்தாமலே, "நல்லா ஏறுது" என்றோ, "கொஞ்சம் அவசரம்" என்றோ சொல்வார். என்னை ஒரு கோணல் பார்வைகூடப் பார்த்ததில்லை. என் இரண்டாவது மகள் பிறந்தபோது முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவர்தான்.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, உண்மையை எழுதிக் கொடுக்கட்டா என்று கேட்டேன். "எழுதினால் எனக்குக் கண் தெளிஞ்சிடுமா? விடும் அந்தக் கதையை" என்றார். நான் விட்டுவிட்டேன். எவ்வளவு கெதியாக விட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் இன்னொரு தரம் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் வைக்காமல் நான் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டுக்கு நானும் சமிந்தவும் ஒன்றாகப் போனோம். வெள்ளைச் சேலையில், கையில் செபமாலையோடு, எப்போதையும்விடச் சின்னவராகக் கிடந்தார். அவருடைய தம்பி அன்ரன் வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். "அக்கா நல்ல பைலட். ஒருக்கா, ஒரே ஒருக்கா, கவலையீனமா இருந்திட்டா. அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று யாருக்கோ சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

வாசல் மேசையில் அனுதாபப் புத்தகம் திறந்து கிடந்தது. ஆத்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனையை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், ஒரு பதிவேட்டில் எழுதுவதுபோல எழுதினேன். 'பழுது: டிரான்ஸ்பொண்டர் பறப்பின்போது செயலிழந்தது. காரணம்: தொழில்நுட்பவியலாளர் திருகாணியை இறுக்கவில்லை, இழுத்துப் பார்க்கவில்லை, இறுக்கியதாகக் கப்டனிடம் சொன்னார். கப்டன்மீது தவறில்லை.' கீழே என் முழுப்பெயரும் உரிம இலக்கமும் கையெழுத்தும்.

சமிந்தவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை என் கையிலிருந்து வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்து வைத்தார். "இப்படியான வேலைக்கு ரெண்டு கையெழுத்து வேணுமே" என்றார்.

நான் புத்தகத்தைக் கொண்டுபோய் அன்ரனிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"அக்கா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் என்னைச் சும்மா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டன்" என்றார் அன்ரன்.

அவர் என்னை அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். முற்றத்தில் கதிரைகளில் இருந்தவர்களும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அன்ரன் அந்தப் பக்கத்தை, என் பெயரும் உரிம இலக்கமும் உட்பட, வீடு முழுவதற்கும் கேட்கும்படி உரத்து வாசித்தார். கடைசி வரியை மட்டும் மறுபடி வாசித்தார். கப்டன்மீது தவறில்லை.

போய் வாருங்கள், கப்டன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன்.